ராணுவம் அழைக்கிறது, அப்பாவுக்கு டயாலிசிஸ், கையில் செக் நோட்டீஸ்: எதை முதலில் கவனிப்பது?

கடிதம் எழுதியவருக்கு வயது 34. கொங்கு மண்டலத்தில் ஒரு பம்ப் தயாரிப்புக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். மாதம் 19,500 ரூபாய் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. 6 ஆண்டுகளுக்கு முன் டெரிடோரியல் ஆர்மியில் (டி.ஏ.), அதாவது பிராந்திய ராணுவத்தில், சிப்பாயாகச் சேர்ந்தார். இதுவரை ஆண்டுப் பயிற்சிக்குப் போய்விட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். இப்போது முழுநேரப் பணிக்கான அழைப்பாணை வந்திருக்கிறது. 12 நாளில் யூனிட்டில் ஆஜராக வேண்டும். அங்கிருந்து வடக்கே அனுப்புவார்கள் என்று சக சிப்பாய்கள் சொல்கிறார்கள்.

வீட்டில் மனைவி, 4 வயது மகள், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் எடுக்கும் அப்பா. அப்பாவை பைக்கில் உட்காரவைத்து அழைத்துப்போய் வருவது இவர்தான். சித்தப்பா போட்ட பாகப்பிரிவினை வழக்கில் சம்மன் வந்து 2 மாதமாகிறது, இன்னும் பதில் தாக்கல் செய்யவில்லை. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை போகிறது. "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, திரும்பி வந்தால் பார்க்கலாம்" என்கிறது கம்பெனி. "தனியார் டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருங்கள்" என்கிறார் மைத்துனர். கடிதத்தின் கடைசி வரிகளில், போகிற போக்கில் ஒரு செய்தி: நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு 2 லட்சம் கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கில் 4,80,000 ரூபாய் என்று நிரப்பி வங்கியில் போட்டிருக்கிறார்கள். பணமில்லாமல் திரும்பிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்து 8 நாள் ஆகிறது. "ராணுவத்தில் இருப்பவனைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்கிறார்.

போகாமல் இருக்க வழி உண்டா, 7 ஆண்டு ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடியும்போது தானாக விட்டுவிடுவார்களா, வேலை என்னவாகும், வழக்கு என்னவாகும், கடன் வட்டியை நிறுத்திவைப்பார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

ஐந்து பக்கக் கடிதத்தில் நாலே முக்கால் பக்கம் ராணுவ அழைப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு இருக்கும் கெடுக்களில் மிகக் குறுகியது அந்த 12 நாள் அல்ல. செக் நோட்டீஸில் மீதமிருக்கும் 7 நாள்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செக் நோட்டீஸ்: இந்த வாரமே பதில் போக வேண்டும்

ராணுவத்தினரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்பது பாதி உண்மையிலிருந்து கிளம்பிய பேச்சு. ராணுவச் சட்டம், 1950-இன் 28-ஆம் பிரிவு, சிவில் கோர்ட் உங்கள் சம்பளத்தையும் படிகளையும் ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. 29-ஆம் பிரிவு, கடனுக்காக உங்களைக் கைது செய்யக் கூடாது என்கிறது. இரண்டும் நல்ல பாதுகாப்புகள். ஆனால் செக் திரும்பிய வழக்கு, மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின் கீழ் வரும் குற்ற வழக்கு. 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் என்று தண்டனை உண்டு. சீருடை அதைத் தடுக்காது.

நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் உங்களுக்கு அவகாசம். அதற்குள் செக் தொகையைக் கட்டினால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால், 15 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். நீங்கள் வடக்கே இருக்கும்போது சம்மன் வீட்டுக்கு வரும். யாரும் வாங்காமல் விட்டால் அடுத்தது பிடிவாரண்ட். இதுதான் நடக்கக்கூடிய மோசமான பாதை, அதை இப்போதே அடைத்துவிடலாம்.

"வெற்றுச் செக்தானே, செல்லாது" என்றும் நினைக்க வேண்டாம். கையெழுத்து உங்களுடையது என்றால், மற்றவற்றை யார் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்த செக் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 2019-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது உண்மையல்ல என்று காட்டும் பொறுப்பு உங்கள் மேல். காட்டுவதற்கு உங்களிடம் நல்ல சரக்கு இருக்கிறது: 14 மாதமாக மாதம் 10,000 ரூபாய் ஜிபே வழியாக அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக 1,40,000 ரூபாய் போயிருக்கிறது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரவு செலவும் பதிவாகியிருக்கும். ஓரளவு பணத்தைப் பெற்றுக்கொண்ட பிறகு, அதைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் 138 நிற்காது என்று 2022-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நீங்கள் கட்டியது வட்டிக் கணக்கில் போய்விட்டது என்று எதிர்த் தரப்பு வாதாடும். அங்கேதான் வட்டி விகிதம் கேள்விக்கு வரும்.

நூற்றுக்கு மாதம் 5 என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம், 2003 இதைக் குற்றமாக்கி, 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. அசலையும் நியாயமான வட்டியையும் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வப் புகாரை, ஸ்டேட்மென்ட் நகலோடு, கிளம்பும் முன் கொடுத்துவிட்டுப் போங்கள். செக் வழக்கில் சம்மன் வந்த பிறகு கொடுக்கும் கந்துவட்டிப் புகாரை, தப்பிக்கப் போட்டது என்றுதான் பார்ப்பார்கள்.

பதில் நோட்டீஸை வழக்கறிஞர் மூலம், கையில் கிடைத்ததற்கான அத்தாட்சியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதில் உண்மையை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: வாங்கியது எவ்வளவு, எந்தத் தேதியில், கட்டியது எவ்வளவு, செக் எதற்காகக் கொடுத்தது. "கடனே வாங்கவில்லை", "செக் தொலைந்துபோனது" போன்ற வசனங்கள் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது. இன்னொன்று: நோட்டீஸ் வந்த பயத்தில் அவருக்கு வாட்ஸாப்பில் "அண்ணே, இரண்டு மாசம் டைம் குடுங்க, மொத்தத்தையும் கட்டிடறேன்" என்று அனுப்பாதீர்கள். 4,80,000-ஐயும் நீங்கள் ஒப்புக்கொண்டதாக அதை அச்செடுத்து வைப்பார்கள்.

வழக்கு பதிவானால், நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு வழக்கறிஞர் மூலம் ஆஜராக மனுப் போடலாம். ராணுவப் பணியில் இருப்பதற்கான யூனிட் சான்றை இணைத்தால் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் செக் தொகையில் 20 சதவீதம் வரை, உங்கள் விஷயத்தில் 96,000 ரூபாய் வரை, இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. அதற்கு மனதளவிலும் கையளவிலும் தயாராக இருங்கள்.

போகாமல் இருந்தால்

பிராந்திய ராணுவச் சட்டம், 1948-இன்படி, அழைக்கப்பட்டால் போவது நீங்கள் சேர்ந்தபோதே ஏற்றுக்கொண்ட கடமை. 2025 மே 6 தேதியிட்ட அறிவிக்கையில், தேவைப்பட்டால் டி.ஏ.வின் அனைவரையும் அழைக்கும் அதிகாரத்தை ராணுவத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு கொடுத்தது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ முழுநேரப் பணிக்கு எடுக்கவும் அதில் அனுமதி இருக்கிறது. அந்த ஆணை 2028 பிப்ரவரி 9 வரை அமலில் இருக்கும். உங்கள் ஆணை எந்த விதியின் கீழ் வந்தது என்று அதன் முதல் பத்தியிலேயே இருக்கும், பாருங்கள்.

ஆணை அமலாகும் தேதியிலிருந்து ராணுவச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அனுமதியின்றி வராமல் இருந்தால் 39-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. 30 நாள் தாண்டினால் விசாரணை நடத்தி உங்களைத் தப்பியோடியவர் என்று பதிவு செய்யலாம். உங்களைப் பிடித்து ஒப்படைக்கும்படி மாவட்டக் காவல்துறைக்குக் கடிதம் போகும். தப்பியோடிய குற்றத்துக்கு 38-ஆம் பிரிவில் சாதாரண நேரத்தில் 7 ஆண்டு வரை. போர்முனைப் பணியிலோ அதற்கான உத்தரவின் கீழோ இருக்கும்போது மரண தண்டனை வரை சட்டத்தில் இடமிருக்கிறது. பயமுறுத்த எழுதவில்லை. 4 நாள் தாமதமாக வந்து காரணம் சொல்பவரையும் 4 மாதம் ஒளிந்திருப்பவரையும் ராணுவம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஆனால் "வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு.

மைத்துனர் சொன்ன மருத்துவச் சான்று இதைவிட மோசமான யோசனை. நோய் இருப்பதாக நடிப்பது 46-ஆம் பிரிவில் தனிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. அதோடு தனியார் மருத்துவர் சான்றை யூனிட் அப்படியே ஏற்காது. உண்மையிலேயே உடம்பு முடியாமல் போனால், அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையில் (உங்கள் பக்கத்துக்கு வெலிங்டன்) காட்டி, அங்கிருந்து யூனிட்டுக்குத் தகவல் போக வேண்டும்.

7 ஆண்டு முடிவதைப் பற்றி: ஒப்பந்தக் காலம் முடிந்தால் விடுவிக்கக் கோரும் உரிமை பிராந்திய ராணுவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் இருக்கிறது. அதே பிரிவில், ராணுவப் பணியில் இருக்கும்போது அந்தப் பணி முடியும் வரை அந்த உரிமை கிடையாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஆகவே அடுத்த ஆண்டுத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்காதீர்கள்.

குடும்பக் கஷ்டத்தை எங்கே, எப்படிச் சொல்வது

வழி இல்லாமல் இல்லை. அந்த வழி யூனிட்டுக்கு உள்ளே இருக்கிறது, வெளியே இல்லை. மனுக் கொடுத்தாலே ஆணை நின்றுவிடும் என்ற நம்பிக்கையைப் பலரிடம் பார்க்கலாம். நிற்காது. மனு நிலுவையில் இருக்கும்போதும் குறித்த நாளில் ஆஜராக வேண்டும். ஆஜராகி மனுக் கொடுத்தவருக்குக் கிடைக்கும் காது, வீட்டிலிருந்து மனு அனுப்பியவருக்குக் கிடைக்காது.

நீங்கள் கேட்கக்கூடியவை மூன்று. முதலாவது, மாற்று ஏற்பாடு செய்துகொள்ளச் சில வாரம் விடுப்பு. இரண்டாவது, யூனிட் நகர்ந்தாலும் தலைமையிடத்தில் பின்தங்கும் பிரிவில் சில மாதம் வைத்திருக்கக் கோருவது. மூன்றாவது, குடும்பக் காரணத்தால் முன்கூட்டியே விடுவிப்பு. மூன்றுமே உங்கள் உரிமை அல்ல, கமாண்டிங் ஆபீசரும் அவருக்கு மேலுள்ளவர்களும் பார்த்து முடிவு செய்வது. உங்கள் நிலையில் முதல் இரண்டையும் கேளுங்கள். விடுவிப்பை இப்போது கேட்காதீர்கள்: வேலையும் சிக்கலில், கடனும் சிக்கலில் இருக்கும் நேரத்தில், முழுநேரப் பணியில் கிடைக்கும் ராணுவச் சம்பளமும் படிகளும்தான் உங்கள் வீட்டுக்கு உறுதியான வரவு. கோபத்தில் இருப்பதால் இதை நீங்கள் கணக்குப் போடவில்லை என்று நினைக்கிறேன்.

மனு ஒரே பக்கம் இருக்கட்டும். "எனக்குக் குடும்பக் கஷ்டம் அதிகம், கருணை காட்டவும்" என்ற வகை மனுக்கள் கோப்பில் படுத்துவிடும். அப்பாவின் வயது, நோய், வாரத்தில் எந்தெந்த நாள் டயாலிசிஸ், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், வீட்டில் வேறு ஆண் துணை உண்டா இல்லையா, எத்தனை நாளில் என்ன ஏற்பாடு செய்துவிடுவீர்கள் என்று எழுதுங்கள். "30 நாள் விடுப்பு கொடுத்தால் இதைச் செய்துவிட்டுத் திரும்புவேன்" என்று அளவோடு கேட்பவருக்கு ஆம் சொல்வது அதிகாரிக்கு எளிது.

இணைக்க வேண்டியவை: சிறுநீரக மருத்துவரின் கடிதம் (டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, தொடர் சிகிச்சை, துணைக்கு ஆள் தேவை என்பது கடிதத்தில் இருக்க வேண்டும்), குடும்ப அட்டை நகல், துணைக்கு வேறு ஆள் இல்லை என்பதற்கு கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தார் சான்று. நீங்கள் சொல்வது உண்மையா என்று யூனிட் மாவட்ட நிர்வாகத்திடமோ மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திடமோ கேட்டு எழுதலாம். அதனால் மனைவி இப்போதே அந்த அலுவலகத்துக்குப் போய் விவரத்தைப் பதிந்துவிட்டு வரட்டும். பெயரில் முன்னாள் என்று இருந்தாலும் பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அவர்கள் உதவ வேண்டியவர்கள்தான். விசாரணைக் கடிதம் வரும்போது மேஜையில் ஏற்கெனவே உங்கள் கோப்பு இருந்தால் பதில் விரைவாகப் போகும்.

யூனிட்டில் உங்கள் கம்பெனியின் (யூனிட்டின் உட்பிரிவு) மூத்த ஜே.சி.ஓ. (சுபேதார் நிலை அதிகாரி), கம்பெனி கமாண்டர், பிறகு கமாண்டிங் ஆபீசர் (சி.ஓ.) இன்டர்வியூ என்ற வரிசையைத் தாண்டாதீர்கள். சுபேதார் சாப்பிடம் முதலில் மனம்விட்டுப் பேசுங்கள். பாதி விஷயம் அங்கேயே தீரும். எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் வாங்காதீர்கள். வெளியிலிருந்து அழுத்தம் கொண்டுவருவதை ராணுவம் ஒழுங்கீனமாகப் பார்க்கும், நியாயமான மனுவையும் அது கெடுக்கும். ஆணையின் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைப்பதும் வேண்டாம். யூனிட் எங்கே, எப்போது நகர்கிறது என்பது ஊருக்குச் சொல்லும் செய்தியல்ல.

மறுத்துவிட்டால், ராணுவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி மேலதிகாரிக்கு முறையிடலாம். அதற்கும் பிறகு சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. ஆனால் அழைப்பாணைக்கே தடை வாங்கிவிடலாம் என்று யாராவது ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ராஜினாமா எழுதாதீர்கள்

இதில் கம்பெனி சொல்வது சட்டப்படி தவறு. 1948 சட்டத்தின் 7-ஏ பிரிவு, ராணுவப் பணி முடிந்து வருபவரை, இடையில் போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறையாத நிலையில் மறுபடி வேலைக்கு எடுப்பது வேலை கொடுத்தவரின் கடமை என்கிறது. தனியார் கம்பெனிக்கும் இது பொருந்தும். அழைப்பாணை வந்த பிறகு உங்களை நிறுத்தினால், கடமையிலிருந்து தப்பிக்கத்தான் நிறுத்தினார்கள் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுத்தால் இந்தப் பலமான அனுமானத்தை உங்கள் கையாலேயே கிழித்துப் போட்டதாகிவிடும். கம்பெனி அவசரப்படுத்துவதும் அதற்காகத்தான். பி.எஃப். போன்ற நிதிகளில் உங்கள் உரிமையை 7-பி பிரிவு காக்கிறது.

சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இல்லாத காலத்துக்குக் கம்பெனி சம்பளம் தர வேண்டும் என்று அதில் இல்லை. திரும்ப எடுக்க மறுத்தால் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். அவர் வேலைக்கு எடுக்கச் சொல்லலாம், அல்லது அதிகபட்சம் 6 மாதச் சம்பளத்தை இழப்பீடாகத் தரச் சொல்லலாம். நியாயமான காரணம் இருந்தால் கம்பெனிக்கு விலக்கும் தரலாம். உத்தரவை மீறினால் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். 1948-இல் வைத்த பல், இன்று மழுங்கிவிட்டது. அதனால் சண்டையாகத் தொடங்காமல் காகிதமாகத் தொடங்குங்கள்: "ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுள்ளேன், 7-ஏ பிரிவின்படி பணி முடிந்து திரும்புவேன்" என்று ஒரு கடிதம். யூனிட் இருக்கும் இடம், நகரும் தேதி போன்றவை ஆணையில் இருந்தால் அதை அப்படியே கொடுக்காமல், வேலை செய்யும் இடத்துக்கென்று தனிச் சான்று ஒன்றை யூனிட்டில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். எச்.ஆர். கையெழுத்திட்டு வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், கூடவே மின்னஞ்சல். விடுவிக்கப்பட்டு வந்ததும், விடுவிப்பு ஆணை நகலோடு, நாள் கடத்தாமல் எழுத்தில் வேலை கேளுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கு

சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது உங்கள் எழுத்துப்பூர்வப் பதில், போட வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை கோர்ட் அனுமதிக்கும். அதற்கு மேலும் சிவில் வழக்கில் கதவு முழுக்க அடைபடுவதில்லை, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கிளம்பும் முன் வக்காலத்திலும் எதிருரையிலும் அதன் உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால், தாக்கல் செய்வதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

பிறகு உங்களுக்கு மூன்று பிடிமானங்கள் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 28-ஆம் கட்டளைப்படி, விடுப்பு கிடைக்காத படைவீரர் தனக்குப் பதிலாக வழக்கை நடத்த ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். கமாண்டிங் ஆபீசர் முன் கையெழுத்திட்டு அவர் மேலொப்பம் பெற வேண்டும். யூனிட்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனைவி பெயரில் இதைச் செய்து அனுப்புங்கள். அடுத்து, ராணுவச் சட்டம் 32-ஆம் பிரிவு: வழக்குக்காக விடுப்பு எடுத்து வருவதாக யூனிட் சான்று கொடுத்தால், கூடுமானவரை அந்த விடுப்புக்குள் விசாரணையை வைத்து முடிக்க கோர்ட் முயல வேண்டும். சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிய கட்டத்தில் இது கைகொடுக்கும். மூன்றாவது, இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம், 1925. போர்ச் சூழலிலோ சட்டம் குறிப்பிடும் வேறு சிறப்புச் சூழலிலோ பணியாற்றுபவருக்கு எதிரான வழக்கை நிறுத்திவைக்க அதில் வழி இருக்கிறது. வடக்கே போனாலே இது தானாகப் பொருந்தாது. நீங்கள் அந்தச் சூழலில் இருக்கிறீர்கள் என்று உரிய ராணுவ அதிகாரி சான்று தர வேண்டும். சேர்ந்த பிறகு அட்ஜுடன்ட் (யூனிட்டின் நிர்வாக அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள்.

எதையும் செய்யாமல் விட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரும். அதை ரத்து செய்ய 30 நாள்தான் கெடு.

நிலத்தைப் பார்த்துக்கொள்ள மைத்துனர் பொது அதிகாரப் பத்திரம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். நல்லவராகவே இருக்கட்டும், விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் தரும் காகிதம் இந்த வழக்குக்குத் தேவையே இல்லை.

வங்கிக் கடன்

படைக்கு அழைக்கப்பட்டால் பழைய கடன்களின் வட்டி 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இணையத்தில் நீங்கள் படித்தது அமெரிக்கச் சட்டம். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: தவணை இப்போது கம்பெனிச் சம்பளம் வரும் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறது, அந்தச் சம்பளம் நின்றதும் முதல் மாதமே திரும்பும், அபராதம் விழும். ராணுவச் சம்பளம் வரப்போகும் கணக்குக்குப் பிடித்தத்தை மாற்றுங்கள். முதல் சம்பளம் தாமதமாகலாம், இரண்டு தவணைக்கான பணத்தைப் பழைய கணக்கில் விட்டுவையுங்கள்.

அப்பாவும் வீடும்

சம்பளம் நின்ற அன்றே இ.எஸ்.ஐ. நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் காலம். உங்களுக்கு அது எந்த மாதம் வரை ஓடும் என்று கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுநேரப் பணியில் இருக்கும்போது உங்களைச் சார்ந்தவர்களுக்கு ராணுவ மருத்துவமனைச் சிகிச்சை உண்டு. ஆனால் வாரம் மூன்று முறை மலையேறி வெலிங்டன் போக முடியாது. எனவே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இப்போதே பதிந்து வையுங்கள். அங்கேயும் வரிசை இருக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். திருமணம், மகள் பிறப்பு, அப்பா உங்களைச் சார்ந்திருப்பது, இவை மூன்றும் உங்கள் ராணுவப் பதிவில் பார்ட் டூ ஆர்டராக (சிப்பாயின் விவரங்களைப் பதிவேட்டில் ஏற்றும் யூனிட் ஆணை) வந்திருக்கின்றனவா? ஆண்டுக்கொரு முறை பயிற்சிக்குப் போய் வரும் டி.ஏ. சிப்பாய்கள் பலர் இதை விட்டுவிடுவார்கள். பதிவில் இல்லாத மனைவிக்கு ராணுவ மருத்துவமனைச் சீட்டும் கிடைக்காது, உங்களுக்கு ஏதாவது ஆனால் பணம் வாங்கவும் அலைய வேண்டும். திருமணப் பதிவுச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, ஆதார் நகல்கள், மனைவியோடு சேர்ந்த வங்கிக் கணக்கின் முதல் பக்கம் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துக்கொண்டு போய், சேர்ந்த அன்றே கிளார்க்கிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். நாமினி பெயர்களையும் அப்போதே சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் சேர்ந்திருந்தால் அம்மா பெயரே இன்னும் இருக்கலாம்.

வழக்குச் செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவில், பெண் என்றாலே வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மனைவியின் பெயரில் நடக்கும் எந்த வேலைக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100. படைவீரர் குடும்பங்களுக்காகவே தேசிய ஆணைக்குழு 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனைவி போகும்போது அதையும் கேட்கட்டும். செக் வழக்கின் பதில் நோட்டீஸுக்கு மட்டும் அதற்காகக் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையில் ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.